குழாய்க்குள் அதிர்ச்சி அலை: ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

தனுஷ்கோடியில் ஆண் கடல் பக்கம் நின்று அலையைப் பாருங்கள். கரையை நெருங்க நெருங்க முகடு அடியை முந்திக்கொண்டு, முகம் செங்குத்தாகி உடையும். குழாயில் ஓடும் வாயுவிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அழுத்தம் ஏறிய இடம் சூடாகும்; சூட்டில் ஒலி வேகமாகப் போகும். பின்னால் வரும் அழுத்த அலைகள் முன்னே போனவற்றை எட்டிப் பிடித்து, குவிந்து, ஒரே சுவராகிவிடும். அதுதான் அதிர்ச்சி அலை.

முதல் படி அடுக்களையில். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே குழாயை மெல்லிசாகத் திறந்துவிடுங்கள். விழும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் மெல்லிய வட்டமாக விரைந்து ஓடி, விளிம்பில் சட்டென்று தடித்து மெதுவாகும். வட்டத்துக்குள் ஊசி முனையை வையுங்கள். படகின் பின்னால் தெரிவதுபோல ஆப்பு வடிவக் கோடு விழும். ஊசி கிளப்பும் சலனம் ஓட்டத்தை எதிர்த்து ஏற முடியவில்லை. அந்த விளிம்பு, அதிர்ச்சி அலைக்குத் தண்ணீரில் ஒரு உறவுக்காரன்.

இரண்டாவது, ஒலியின் வேகம். காற்றின் வெப்பக் கொள்ளளவு விகிதம் 1.4, வாயு மாறிலி 287, வெப்பநிலை 300 கெல்வின். மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 347 மீட்டர். மாக் எண் என்பது ஒலியைப்போல எத்தனை மடங்கு வேகம் என்பது; அது 2 என்றால் 694 மீட்டர். நிதானமாக நுழையும் காற்று நேர்க்குழாயில் இந்த வேகத்தை எட்டாது. உராய்வு அதை ஒலியின் வேகம் வரைதான் கொண்டுபோகும். குறுகி விரியும் குழல், அதாவது லவால் நாசில் வேண்டும்.

அப்புறம் அலையைக் கடப்போம். மாக் எண்ணின் வர்க்கம் 4. ஒன்றைக் கழித்து, 7/6 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள்: அழுத்தம் 4.5 மடங்கு. வர்க்கத்தை 6 ஆல் பெருக்கி, வர்க்கத்தோடு 5 கூட்டியதால் வகுங்கள்: 24/9, அடர்த்தி 2.67 மடங்கு. 4.5ஐ இதால் வகுத்தால் வெப்பநிலை 1.69 மடங்கு, அதாவது 506 கெல்வின். 27 டிகிரிக் காற்று நொடியில் மிகச் சிறு பங்கில் 233 டிகிரி!

இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அடர்த்தி 2.67 மடங்கானதால் வேகம் அத்தனை பங்கு குறைந்து, 694லிருந்து 260 ஆனது. இரண்டின் வர்க்க வித்தியாசத்தில் பாதி, கிலோவுக்குச் சுமார் 2,07,000 ஜூல். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய 1005 ஜூலால் வகுத்தால் 206 டிகிரி. ஓட்டம்தான் சூடாகியிருக்கிறது, ஒரு ஜூல்கூடக் குறையவில்லை.

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். ஆற்றல் குறையவில்லையென்றால் நட்டம் எதில்? காற்றை நிறுத்திப் பார்த்தால் இருபக்கமும் வெப்பநிலை 540 கெல்வின்தான். ஆனால் அப்படி உராய்வில்லாமல் நிறுத்திப் பெறும் அழுத்தம் 28 சதவீதம் போய்விடும். என்ட்ரோபி, அதாவது ஆற்றல் எவ்வளவு சிதறிப் பயன்படாமல் போனது என்பதன் அளவு, கிலோவுக்கு 94 ஜூல்/கெல்வின் ஏறிவிட்டது. 1860இல் கணித மேதை ரீமானே அலையைக் கடக்கையில் என்ட்ரோபி மாறாது என்று எடுத்துக்கொண்டார். சரியான சமன்பாடுகள் ரேங்கின் (1870), ஹுகோனியோ (1887) வழியாக வந்தன. என்ட்ரோபி தானாக இறங்காது என்பதால்தான் இந்தச் சுவர் மெதுவான வாயுவை ஒருபோதும் வேகமாக்குவதில்லை.

ராமநாதபுரம் பக்கத்து வழுதூர் மின்நிலையத்தில் எரிக்கும் இயற்கை எரிவாயுவுக்கு 1.4க்குப் பதில் ஏறத்தாழ 1.3, அப்போது 7/6 போன்ற எண்களும் மாறும்.

சரி, இப்போது காற்றுக்கே மாக் 1.1 வைத்துப் போட்டுப் பாருங்கள். அழுத்தம் 1.245 மடங்கு வரவேண்டும். அங்கே நட்டம் 0.1 சதவீதம்தான். நாசிலின் கழுத்துக்கு, அதாவது மிகக் குறுகிய இடத்துக்கு, பக்கத்திலேயே அலை நின்றால் நட்டம் குறைவது இதனால்தான்.