ஷெல் ஸ்கிரிப்ட் பாதியில் படுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபிஸ் என்று வைத்துக்கொள்வோம். குலை எடைக் கணக்கை கிராணி (எழுத்தர்) தினமும் மாலையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு, ஓட்டி பென்டிரைவில் ஏற்றுகிறார். உள்ளே இரண்டே வரி: சிபி கோப்பை நகலெடுக்கும், ஆர்எம் கணினியில் இருப்பதை அழிக்கும். பென்டிரைவ் நிரம்பிவிட்டால் சிபி தோற்கும். கட்டளைகளை இயக்கும் ஷெல்லோ கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய் அழித்துவிடும். சம்பள நாளில் சண்டைதான்.

இதைத் தடுப்போம். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன்; நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

படி 1: ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் வெற்றி, 1 முதல் 255 வரை எதுவானாலும் தோல்வி. 127 வந்தால் அப்படி ஒரு கட்டளையே கிடைக்கவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. எக்கோ $? என்று அடித்தால் எண் தெரியும். உடனே பாருங்கள், அடுத்த கட்டளை ஓடியதும் அது மாறிவிடும்.

படி 2: தோற்றால் நிறுத்துங்கள். கீழே /எம்என்டி/பென் என்பது பென்டிரைவ் வந்து இணையும் அடைவு; ! என்றால் 'வெற்றி பெறாவிட்டால்'.

இஃப் ! சிபி எடை.சிஎஸ்வி /எம்என்டி/பென்/; தென்
  எக்கோ "நகலாகவில்லை. எடைக் கோப்பு கணினியில் பத்திரமாக இருக்கிறது. பென்டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள்." >&2
  எக்ஸிட் 1
ஃபை
ஆர்எம் எடை.சிஎஸ்வி

செய்தியைக் கவனியுங்கள். வெறும் "பிழை" என்று போட்டால் கிராணி என்ன செய்வார்? என்ன நடந்தது, எது தப்பியது, இனி என்ன செய்வது, மூன்றும் வேண்டும். >&2 அதைப் பிழைகளுக்கான தனி வழியில் அனுப்புகிறது; வெளியீட்டை > போட்டு ஒரு கோப்புக்குத் திருப்பினாலும் செய்தி திரையில் வரும்.

படி 3: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பென்டிரைவைச் செருகவே இல்லை, ஆனால் /எம்என்டி/பென் என்ற வெற்று அடைவு இருக்கிறது என்றால் சிபி தோற்காது! கணினியின் வட்டிலேயே நகலெடுத்துவிட்டு 0 சொல்லும். ஆகவே சிபிக்கு முன்னால், அந்த அடைவில் உண்மையிலேயே ஒரு டிரைவ் இணைந்திருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/பென் என்ற கட்டளையை அதே இஃப் பாணியில் வையுங்கள். செய்தியை மட்டும் "பென்டிரைவ் செருகப்படவில்லை" என்று மாற்றுங்கள்.

படி 4: ஸ்கிரிப்டின் தலைவரிக்கு (#! என்று தொடங்கும் முதல் வரி) கீழே செட் -இ போட்டால் போதும், ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்ட் தானே நின்றுவிடும் என்பார்கள். போடலாம், ஆனால் நம்பி உட்காராதீர்கள். இஃப் நிபந்தனைக்குள் தோற்றால் அது நிறுத்தாது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் (|) தொடரில் கடைசிக் கட்டளையை மட்டுமே பார்க்கும். பாஷ் என்ற ஷெல்லில் செட் -ஓ பைப்ஃபெயில் சேர்த்தால் அந்த ஓட்டை அடைபடும்.

படி 5: பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். செய்தி வந்து, எக்கோ $? 1 காட்டி, எடை.சிஎஸ்வி இருந்த இடத்திலேயே இருந்தால் கிராணியிடம் கொடுக்கலாம்.