வளைகுடாவுக்குப் புதிதாகப் போன வடசென்னைப் பிள்ளைகளுக்கு

துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று புதிதாகப் போய் இறங்கியிருக்கும் தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ரூம், சிம் கார்டு, எமிரேட்ஸ் ஐடி எல்லாம் அங்கே இருக்கும் நம்ம ஆட்களே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது, இரண்டு மூன்று சம்பளம் வாங்கியதும் ஊரிலிருந்து வர ஆரம்பிக்கும் போன்களைப் பற்றி. மீஞ்சூரில் மனை இருக்கிறது, பாலிசி ஒன்று போடு, லீசுக்கு வீடு வந்திருக்கிறது. 14 வருஷம் அங்கே இருந்துவிட்டு ராயபுரத்துக்குத் திரும்பியவன் நான். எல்லாப் போனுக்கும் சரி சொன்னேன், கணக்குப் போடாமலே.

அந்தக் கணக்கின் பெயர் நிகழ்கால மதிப்பு. வங்கியில் 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். இன்று போடும் 1,00,000 அடுத்த வருஷம் 1,07,000 ஆகும். அப்படியென்றால் அடுத்த வருஷம் வரப்போகும் 1,07,000, இன்றைக்கு ஒரு லட்சம்தான் பெறும். எத்தனை வருஷம் தள்ளிப் பணம் வருகிறதோ, அத்தனை முறை 1.07-ஆல் வகுக்க வேண்டும். போன் கால்குலேட்டரே போதும்.

என் பாலிசி வருஷத்துக்கு 1 லட்சம். 20 வருஷம் கட்டினால் முடிவில் 36 லட்சம் என்றார் ஏஜெண்ட். 20 கொடுத்து 36 வருகிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒன்பதாவது தவணை கட்டிய பிறகுதான் வகுத்துப் பார்த்தேன். அந்த 36 லட்சம், கையெழுத்துப் போட்ட நாளில் 9.30 லட்சம்தான் பெறும். 20 தவணைகளையும் அதேபோல வகுத்துக் கூட்டினால் 11.34 லட்சம். இரண்டு லட்சத்துக்கு மேல் நஷ்டம். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) தனியாக எடுங்கள், பிரீமியம் மிகக் குறைவு.

லீசு வீடு வேறு மாதிரி. 8 லட்சம் கொடுத்து அப்பா அம்மா மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருக்கலாம், பணம் அப்படியே திரும்பி வரும் என்பார்கள். அப்படியே வராது. மூன்று வருஷம் கழித்து வரும் 8 லட்சம் இன்றைக்கு 6.53 லட்சம். ஆக, குடியிருக்க நீங்கள் கொடுக்கும் விலை 1.47 லட்சம், மாத வாடகைகளையும் இதேபோல 7 சதவீதத்தில் வகுத்துப் பார்த்தால், மாதம் சுமார் 4,500 ரூபாய் வாடகை மாதிரி. அதே வீட்டுக்கு வாடகை 9,000 என்றால் லீசுதான் லாபம். அப்புறம் ஓனர் ஏன் கொடுக்கிறார்? அநேகமாக அவர் வெளியே ரெண்டு வட்டிக்குக் கடன் வைத்திருப்பார். வருஷத்துக்கு 24 சதவீதம் கட்டுபவருக்கு உங்கள் 8 லட்சம் பெரிய உதவி. இருவருக்கும் லாபம்தான், ஆனால் அவர் கையில் காசு இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. பணம் திரும்பத் தாமதமாகும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் லீசு என்றால் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.

மனைக்கு 7 சதவீதம் போதாது. 10 லட்சம் ஐந்து வருஷத்தில் 20 லட்சம் ஆகும் என்பது தரகர் சொல்வது, யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. உறுதியில்லாத பணத்தை நான் 15 சதவீதத்தில் வகுப்பேன். 9.94 லட்சம் வருகிறது. போட்ட காசுகூட இல்லை.

வயசான காலத்துக்கு விலைவாசியை வைத்து வகுக்க வேண்டும். வருஷம் 6 சதவீதம் ஏறினால், இன்று மாதம் 40,000-ல் ஓடும் குடும்பத்துக்கு 20 வருஷம் கழித்து 1,28,000 தேவை. அப்போது கிடைக்கும் ஒரு கோடி, இன்றைய 31 லட்சத்துக்குச் சமம். கோடி என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

எமிரேட்ஸில் நமக்குப் பென்ஷன் கிடையாது, வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், பிறகு வருஷம் 30 நாள். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தில் மட்டும். மொத்தம் 4,000 திர்ஹம் வாங்கினாலும் அடிப்படை 2,000 என்று எழுதியிருந்தால் 10 வருஷத்துக்கு 17,000 திர்ஹம்தான். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியில் என்ன எண் இருக்கிறது என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.