உப்பளத்துப் பாட்டும் ஒரு சுவரொட்டியும்: மாணவர் இசைக் காணொளிக்கு மீள்பார்வை அறிக்கை எழுதும் முறை

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்கள் இசைக் காணொளி ஒன்றை எடுத்து, அதற்குச் சுவரொட்டி, யூடியூப் தம்ப்நெயில் (காணொளியின் முகப்புப் படம்), டீசர் (சிறு முன்னோட்டம்) ஆகியவற்றையும் செய்து முடித்த பிறகு, அந்த வேலையைத் தாங்களே மதிப்பிட்டு ஒரு மீள்பார்வை அறிக்கை எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலானோர் அதை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் எழுதுகிறார்கள். நானும் அப்படி எழுதத் தொடங்கி, இரண்டு பக்கங்களுக்கு மேல் சொல்ல எதுவும் இல்லாமல் நின்றவள். செய்த வேலை குறைவாக இருந்ததால் அப்படி ஆகவில்லை. எந்த முடிவை எப்போது, எதற்காக எடுத்தோம் என்பதற்கு என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பதே காரணம். அந்த அறிக்கையை மீண்டும் முதலிலிருந்து எழுதியபோது நான் கற்றுக்கொண்ட முறையை, முதன்முறையாக இதில் இறங்குபவர்களுக்காக இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக எங்கள் காணொளியையே வைத்துக்கொள்கிறேன். இளங்கலை இறுதியாண்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் தாயைப் பற்றி மகள் பாடும் ஒரு பாடலைப் படமாக்கினோம். பாடலின் நீளம் 3 நிமிடம் 40 விநாடி. வரிகளும் இசையும் எங்கள் வகுப்புத் தோழர்களுடையவை.

படி 1: படப்பிடிப்புக்கு முன்பே ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

மீள்பார்வை அறிக்கையின் முதல் பக்கம் படப்பிடிப்புக்கு முன்பே எழுதப்பட வேண்டும். பாடல் யாருக்கானது, பார்த்து முடித்தவர் மனத்தில் எந்த உணர்வு மிஞ்ச வேண்டும், சுவரொட்டியைப் பார்ப்பவர் இது எத்தகைய பாடல் என்று எண்ண வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி, தேதியிட்டு, குழுவினர் அனைவரும் கையெழுத்திடுங்கள். பின்னர் எழுதப்போகும் எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள். இது இல்லையென்றால், கிடைத்த விளைவையே முதலிலிருந்து விரும்பியதுபோல எழுதிவிட நேரும். மனித நினைவு தன்னை அறியாமலே அப்படித்தான் செய்கிறது.

அதே பக்கத்தில் உரிமைகளைப் பற்றியும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 பாடல் வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் தனித்தனிப் படைப்புகளாகக் கருதுகிறது. ஆகவே நண்பரின் பாடலாக இருந்தாலும் எழுதியவர், இசையமைத்தவர், பதிவுசெய்தவர் ஆகியோரிடம் எழுத்துவடிவில் ஒப்புதல் பெற்று, அந்தக் கடிதங்களை அறிக்கையில் இணைப்பது நல்லது.

படி 2: சான்றுகளை அன்றன்றே சேருங்கள்

இதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு நாளும் முடிவில் ஐந்து வரிகள் எழுதினால் போதுமானது. அவற்றுள் ஒரு வரியாவது, திட்டமிட்டதற்கு மாறாக நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்சிகளை முன்கூட்டியே வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டின் பழைய தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். எடிட்டிங்கில் ஒவ்வொரு ரஃப் கட்டையும் (முதற்கட்டத் தொகுப்பையும்) தேதியுடன் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். சுவரொட்டியின் கைவிடப்பட்ட வடிவங்களையும் அவ்வாறே வைத்திருங்கள்.

எங்கள் நோட்டில் மிகவும் பயன்பட்ட குறிப்பு நவம்பர் மாதத்தில் எழுதப்பட்டது. அன்று நாங்கள் இடம் பார்க்கப் போனபோது உப்பு விளைவிக்கும் பாத்திகள் முழுவதும் மழைநீர் தேங்கியிருந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தூத்துக்குடியில் உப்பு உற்பத்தி நின்றுவிடும் என்பதும், ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீராக்கி மீண்டும் தொடங்குவார்கள் என்பதும் அந்த ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி. எங்களுக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. படப்பிடிப்பை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். "இடமாற்றம் மற்றும் கால தாமதம் ஏற்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால் இந்தச் செய்தி அறிக்கையில் மறைந்துபோயிருக்கும். ஆய்வு எங்கே குறைந்தது என்பதைச் சொல்வதற்கு அந்த நோட்டுக் குறிப்புதான் துணைநின்றது.

படி 3: பாடல் வரியையும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

காணொளி முடிந்த பிறகு அதை முதலில் ஒலியில்லாமல் பாருங்கள், பிறகு ஒலியோடு பாருங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் பாடல் வரியையும் வலப்பக்கம் அந்த நேரத்தில் திரையில் தெரிவதையும் எழுதுங்கள். ஊடக ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992ஆம் ஆண்டு இசைக் காணொளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், காட்சி பாடல் வரியை அப்படியே விளக்கலாம், அதற்கு மேலும் பொருள் சேர்க்கலாம், அல்லது அதிலிருந்து விலகி நிற்கலாம் என்று பிரித்துக் காட்டினார். உங்கள் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே இம்மூன்றில் எது நடக்கிறது என்று குறியிடுங்கள்.

நாங்கள் அப்படிக் குறியிட்டபோது, முதல் சரணம் முழுவதும் வெறும் விளக்கமாகவே இருந்தது. "கால் வெடிப்பு" என்று பாடும்போது வெடித்த பாதம் வந்தது. "வெயில்" என்றபோது சூரியன் வந்தது. மாறாக, இரண்டாம் சரணத்தில் மகள் தன் படிப்பைப் பற்றிப் பாடும்போது தாய் உப்பு அம்பாரத்தின் மீது ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஓர் இடத்தில்தான் காட்சி, பாடல் சொல்லாத ஒன்றைச் சொன்னது. வெயில் தாழ்ந்துவிட்டதால் அவசரமாக எடுத்த ஷாட் அது. தற்செயலாக அமைந்தது என்றே அறிக்கையிலும் எழுதினேன். தற்செயலை மறைத்து, அதற்குப் பின்னாளில் ஒரு திட்டத்தைக் கற்பிப்பது படிப்பவருக்கும் உதவாது, எழுதுபவருக்கும் உதவாது.

படி 4: தொழில்நுட்பக் குறைகளுக்குக் காரணம் கண்டுபிடியுங்கள்

ஆசிரியர்கள் மிகவும் கவனித்துப் படிக்கும் பகுதி இது என்பதால் இங்கே சற்று நேரம் செலவிடுங்கள். குறையைச் சொல்வது எளிது. அது எப்படி நேர்ந்தது என்று கேமராவின் இயக்கத்தோடு பொருத்திச் சொல்வதில்தான் கற்றல் தெரியும். எங்கள் காணொளியில் இருந்த மூன்று குறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, உப்பளக் காட்சிகளில் முகங்கள் இருண்டிருந்தன. கேமராவின் ஒளியளவி, தன் முன் இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்கிடுகிறது. சட்டகத்தின் பெரும்பகுதியை வெள்ளை உப்பு நிரப்பியதால் அது ஒளியைக் குறைத்துவிட்டது. உப்பு சாம்பலாகவும், முகம் கறுப்பாகவும் பதிவாயின. முகத்தை மட்டும் அளந்து, தானியங்கி முறையை விலக்கிவிட்டு ஒளியைக் கூட்டியிருக்க வேண்டும். பிற்பகலில் அவ்வாறு செய்தபோது, தரையிலிருந்து எதிரொளித்த வெளிச்சமே கண்ணுக்குக் கீழுள்ள நிழலை நிரப்பிவிட்டது. தனியாக ரிஃப்ளெக்டர் தேவைப்படவில்லை.

இரண்டாவது, வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் கிடைக்கோடுகள் ஓடின. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால் பழைய சோக் வைத்த குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகிறது. நாங்கள் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படச்சட்டகமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/60 விநாடியில் வைத்திருந்தோம். 1/50 அல்லது 1/100 என்று வைத்திருந்தால் அந்தக் கோடுகள் வந்திருக்கமாட்டா.

மூன்றாவது குறைதான் எனக்கு இன்றும் வருத்தம் தருவது. பாடகி உப்பு வரப்பில் நடந்துகொண்டே பாடும் காட்சியை மெதுவான அசைவில் காட்ட விரும்பி, விநாடிக்கு 50 ஃபிரேம் (படச்சட்டகம்) வீதம் எடுத்தோம். அதை 25 ஃபிரேமாக ஓடவிட்டபோது அசைவு அழகாக மெதுவானது. உதடுகளும் மெதுவாகிப் பாடலோடு பொருந்தாமல் போயின. இத்தகைய காட்சிக்குப் படப்பிடிப்பு இடத்தில் பாடலை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரை அந்த வேகத்துக்கே வாயசைக்கச் சொல்ல வேண்டும். காணொளியை மெதுவாக்கும்போது உதடுகள் இயல்பான பாடல் வேகத்துக்கு வந்து சேரும். இது தெரியாததால், முகம் தெரியும் ஷாட்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, முதுகையும் பாதத்தையும் காட்டும் ஷாட்களை மட்டும் பயன்படுத்தினோம்.

படி 5: விளம்பரப் பொருள்களைக் காணொளியோடு சேர்த்து மதிப்பிடுங்கள்

சுவரொட்டியைத் தனியாகவும் காணொளியைத் தனியாகவும் பாராட்டி எழுதுவது தொடக்கநிலையினர் வழக்கமாகச் செய்யும் தவறு. இரண்டும் ஒரே பாடலைப் பற்றி ஒரே வாக்குறுதியைத் தருகின்றனவா என்பதே கேள்வி. நிறம், எழுத்துரு, முகம், இடம் ஆகிய நான்கையும் எல்லாப் பொருள்களிலும் ஒப்பிட்டாலே விடை தெரியத் தொடங்கும்.

எங்கள் சுவரொட்டியில் பாடகியும் இசையமைத்த தோழரும் வெள்ளை உப்பின் முன்னே முதுகோடு முதுகாக நின்றிருந்தார்கள். எங்களிடம் இருந்தவற்றுள் ஒளி நன்றாக அமைந்த புகைப்படம் அதுதான் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். தாய் அதில் எங்குமே இல்லை. இதன் விளைவை அடுத்த படியில் சொல்கிறேன்.

தமிழில் தலைப்பு எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சில படத்தொகுப்பு மென்பொருள்களில் எழுத்தமைப்புக்குரிய தெற்காசிய மொழித் தேர்வை இயக்காவிட்டால், கொம்பும் காலும் இடம் மாறி, "கொ", "பே" போன்ற எழுத்துகள் உடைந்து தெரியும். அச்சுக்கு அனுப்பும் முன் தலைப்பை உரக்க, எழுத்தெழுத்தாக வாசித்துச் சரிபாருங்கள். மிகுந்த அலங்காரமுள்ள எழுத்துருவைத் தவிர்த்து, முக்தா மலர், கேட்டமரன் போன்ற தெளிவான ஒருங்குறி எழுத்துருக்களில் தொடங்குவது புதியவர்களுக்குப் பாதுகாப்பானது.

அளவுகளையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும். ஏ3 சுவரொட்டியை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 3508 × 4961 பிக்சல் தேவை. திரையில் பளிச்சென்று தெரிந்த நீலவானம் அச்சு மையில் மங்கலாக வரும் என்பதால், முதலில் ஒரு சிறிய மாதிரியை அச்சிட்டுப் பாருங்கள். தம்ப்நெயிலுக்கு 1280 × 720 பிக்சல் பொருத்தமானது. ஆனால் அதன் வலது கீழ் மூலையில் யூடியூப் காணொளியின் கால அளவைக் காட்டும். எங்கள் தலைப்பின் கடைசி இரண்டு எழுத்துகள் அதற்கு அடியில் மறைந்துபோயின. கிடைமட்டக் காணொளியை ரீல்ஸுக்காகச் செங்குத்தாக வெட்டும்போது, அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மிஞ்சும். டீசருக்கு உரிய ஷாட்களைப் படப்பிடிப்பின்போதே தீர்மானித்து, முக்கியமானதைச் சட்டகத்தின் நடுவில் வைத்து எடுக்காவிட்டால் பின்னர் வெட்டுவதற்கு எதுவும் இருக்காது.

படி 6: பார்வையாளர் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதுங்கள்

"நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற விடைதான் கிடைக்கும். சுவரொட்டியை மட்டும் முதலில் காட்டி, "இது எதைப் பற்றிய பாட்டாக இருக்கும்?" என்று கேளுங்கள். பிறகு காணொளியைக் காட்டி, "எந்த இடம் நினைவில் நிற்கிறது?" என்று கேளுங்கள். விடைகளைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்ட 12 பேரில் 9 பேர் சுவரொட்டியைப் பார்த்ததும் காதல் பாட்டு என்றார்கள். 1973ஆம் ஆண்டில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் முன்வைத்த கருத்தை நாங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தோம்: ஆக்கியவர் பொதிந்து வைக்கும் பொருளும் பார்ப்பவர் பிரித்தெடுக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எங்கள் சுவரொட்டியே அதற்குச் சான்றாக நிற்கும் என்று நினைக்கவில்லை. படி 1இல் எழுதிய பக்கத்தில் "தாயின் உழைப்பு" என்று இருந்ததை அருகில் வைத்துப் பார்த்தபோது, விலகல் எங்கே நேர்ந்தது என்பது தெளிவாயிற்று: படம் நன்றாக இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பொருளை விட்டுக்கொடுத்திருந்தோம்.

வகுப்புத் தோழர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். யாருடைய வாழ்வைக் காட்டினீர்களோ அவர்களிடமும் காட்டுங்கள். எங்களுக்குப் பாத்தியில் நடக்கக் கற்றுக்கொடுத்த அக்கா ஒருவர் கைப்பேசியில் காணொளியை முழுவதும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த உச்சி வெயில்ல யாரும்மா உப்பு வாருவா? நாங்க இருட்டோடயே வந்துருவோம்லா" என்றார். வெள்ளைப் பரப்பில் வெயில் பட்டுக் கண் கூசும் என்பதால் விடியுமுன்னே வேலையைத் தொடங்குகிறார்கள். அது தெரிந்திருந்தால் தாயின் காட்சிகளை அதிகாலை நீல வெளிச்சத்தில் எடுத்திருப்போம். முகம் இருண்டுபோன முதல் குறையும் அதனோடு ஓரளவு குறைந்திருக்கும்.

படி 7: பொதுச்சொற்களை நீக்கித் திருத்தி எழுதுங்கள்

என் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "ஒளியமைப்பில் சில குறைகள் இருந்தாலும் ஒட்டுமொத்தமாகக் காணொளி சிறப்பாக வந்துள்ளது." இதிலிருந்து யாரும் எதையும் அறிய முடியாது. திருத்திய வடிவம் இது:

"1:12இல் தொடங்கும் நான்கு ஷாட்களில் தாயின் முகம் தெளிவாகத் தெரியவில்லை. உப்பின் வெண்மையால் ஒளியளவி தவறாகக் கணித்தது. நாங்கள் நண்பகலில் படமெடுத்தது அதை இன்னும் மோசமாக்கியது. வேலை விடியுமுன் நடக்கிறது என்பதை உப்பளத் தொழிலாளர் ஒருவர் காணொளியைப் பார்த்த பிறகே சொன்னார். இணைப்பு 4: மார்ச் மாத நோட்டுப் பக்கம்."

இத்தகைய பத்தி ஒவ்வொன்றிலும் காணொளியின் நேரக்குறிப்பு, நடந்தது, காரணம், சான்று ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நன்றாக வந்த இடங்களுக்கும் இதே அளவு காரணம் சொல்லுங்கள். ஐவர் சேர்ந்து செய்த வேலையானால், எந்த முடிவு உங்களுடையது, எது மற்றவருடையது என்பதையும் பெயரிட்டு எழுதுங்கள். ஓலை மூடும் ஷாட்டை எடுக்கச் சொன்னவர் எங்கள் எடிட்டர் என்பது என் முதல் வரைவில் இல்லை, இரண்டாவதில் சேர்த்தேன்.

ஒப்படைக்கும்போது சுவரொட்டியின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் அடுத்தடுத்த பக்கங்களில் இணையுங்கள். எங்கள் புதிய சுவரொட்டியில் இருவரின் முகமும் இல்லை. பாதி ஓலை மூடிய அம்பாரமும், அதன் அருகே குனிந்திருக்கும் தாயின் முதுகும் மட்டுமே இருந்தன. அதை அந்த அக்காவுக்கும் அனுப்பினோம்.