பெடோராவில இருந்துகொண்டே டெபியனுக்கு பக்கேஜ் கட்டுறது

கிளிநொச்சியில என்ர லப்டொப் பெடோரா லினக்ஸ், பக்கேஜ் போகவேண்டிய பள்ளிக்கூட மெசின்கள் டெபியன் 12 (இன்னொரு லினக்ஸ்), அதுக்காக ஓஎஸ் மாத்தத் தேவையில்லை. பொட்மான் எண்ட மென்பொருளில டெபியன் 12 இமேஜை இறக்கி ஒரு கொன்டெய்னர் (பெடோராவுக்குள்ளேயே தனியா ஓடுற டெபியன் சூழல்) ஓடவிடுங்கோ. சோர்ஸ் ஃபோல்டரை இல்லை, அதுக்கு மேல உள்ள ஃபோல்டரைத்தான் மவுண்ட் பண்ணோணும், ஏனெண்டா கட்டி முடிஞ்சு வாற டெப் ஃபைல் (டெபியன் பக்கேஜ்) ஒரு படி மேலதான் வந்து விழும், இதைக் கவனிக்காட்டி கொன்டெய்னரை அழிக்கேக்க பட்ட பாடு முழுக்கப் போயிடும். பெடோராவில எஸ்ஈலினக்ஸ் எண்ட பாதுகாப்பு முறை இருக்கிறபடியா மவுண்ட் வரியின்ர முடிவில முக்காற்புள்ளியும் பெரிய இசட்டும் போடுங்கோ, இல்லாட்டி பெர்மிஷன் இல்லையெண்டு மறிக்கும்.

கொன்டெய்னருக்குள்ள போய் ஆப்ட் அப்டேட் அடிச்சு, பில்ட் எசென்ஷியலை இன்ஸ்டோல் பண்ணி, பிறகு சோர்ஸ் ஃபோல்டரில நிண்டு ஆப்ட் பில்ட் டெப் அடிச்சு ஒரு இடைவெளி விட்டுப் புள்ளி போடுங்கோ, அது கன்ட்ரோல் ஃபைலைப் பாத்துத் தேவையானதெல்லாம் எடுக்கும். கடைசியா பக்கேஜைக் கட்ட டிபிகேஜி பில்ட்பக்கேஜ். டேட்டா போட்டு இறக்கிற ஆக்கள் அந்தக் கொன்டெய்னரை கொமிட் பண்ணி (புது இமேஜா சேமிச்சு) வச்சிருங்கோ, அடுத்தமுறை திரும்ப இறக்கத் தேவையில்லை.