பேட்டரியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்: வேன் ஃபிரிட்ஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வேனைப் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் என்று மாற்றிக்கொண்டு ஏற்காடு ஏறுபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு வண்டியிலும் அதே தவறுகள். நாங்களும் இவற்றையெல்லாம் செய்துதான் கற்றோம். ஃபிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்பதுபோல எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிடுகிறோம். காசையும் பேட்டரியையும் தின்னும் தவறுகள் மட்டும் இங்கே.

மெலிந்த வயர்

நிறையப் பேர் பணத்தை இழப்பது இதில்தான். பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் சில மீட்டர் நல்ல வயரோடு முடிய வேண்டிய வேலை இது.

வழக்கமாக நடப்பது இதுதான். பகலில் ஃபிரிட்ஜ் நன்றாக ஓடும். மலையில் வண்டியை நிறுத்தியபின் நள்ளிரவில் கம்ப்ரசர் கிளம்பும், நிற்கும், ஒரு நிமிடம் கழித்து மறுபடி கிளம்பும், நிற்கும். காலையில் பார்த்தால் பால் திரிந்திருக்கும். மீட்டரை வைத்தால் பேட்டரியில் 12.2 வோல்ட் இருக்கும். "பேட்டரி வீக்" என்று யாராவது சொல்வார்கள். புது பேட்டரி வாங்குவார்கள். புது பேட்டரியின் வோல்ட் சற்றுக் கூடுதல் என்பதால் சில இரவுகள் ஓடும், பிறகு பழைய கதைதான்.

இதன் கணக்கைப் பாருங்கள். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் 8 வரை ஏறலாம். பின்பக்கம் இருக்கும் பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 6 மீட்டர் தூரம், போட்டிருப்பது 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் என்று வைத்துக்கொள்வோம். போக 6, வர 6, மொத்தம் 12 மீட்டர் செம்பு. அதன் ரெசிஸ்டன்ஸ் 0.14 ஓம். 5 ஆம்பியரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், 8 ஆம்பியரில் 1.1 வோல்ட். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலும் பியூஸ் ஹோல்டரிலும் அரை வோல்ட் கூடப் போகும். கரண்ட் இழுக்கப்படும்போது 12 வோல்ட் காட்டும் பேட்டரி, கிளம்பும் கணத்தில் ஃபிரிட்ஜின் கண்ணுக்கு 10.4 வோல்ட்டாகத் தெரியும்.

அந்த 10.4 முக்கியம். பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் டான்ஃபாஸ் பிடி35 கம்ப்ரசரின் கன்ட்ரோலர் (இப்போது செகாப் என்ற பெயரில் வருகிறது) எதுவும் மாற்றாத நிலையில் 10.4 வோல்ட்டில் நிறுத்தும், 11.7 வோல்ட்டில் மறுபடி ஓட விடும். நின்றவுடன் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லையென்றால் வயரில் இழப்பும் இல்லை, வோல்ட் 12-க்குத் திரும்பும். ஒரு நிமிடத்தில் கிளம்பும், உடனே விழும். கன்ட்ரோலரில் எல்இடி பொருத்தியிருந்தால் ஒரே ஒரு முறை மின்னும், சற்று நின்று மறுபடி ஒரு முறை மின்னும். அதற்கு அர்த்தம் வோல்ட் பற்றவில்லை என்பதுதான், பேட்டரி கெட்டது என்பதல்ல. மூன்று முறை மின்னினால்தான் மோட்டார் கிளம்புவதில் கோளாறு. ஐந்து முறை என்றால் கன்ட்ரோலர் சூடாகிவிட்டது.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலில் ஒரு தடவை, ஃபிரிட்ஜின் பின்னால் வயர் நுழையும் இடத்தில் ஒரு தடவை அளவெடுங்கள். வித்தியாசம் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கம்ப்ரசர் நின்றிருக்கும்போது அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட்தான் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள். வித்தியாசம் கூடுதலாக இருந்தால் பியூஸ், சாக்கெட், ஒவ்வொரு ஜாயிண்ட் என்று தொட்டுக்கொண்டே போங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் வோல்ட் போகிறது. லைட்டர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நுனியில் உள்ள ஸ்பிரிங் முள் கறுத்து, சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருக்கும். மலைப்பாதையில் இருபது ஊசி வளைவு ஏறி இறங்கும் வண்டியில் அந்தப் பிளக் ஆடாமல் இருக்க வழியே இல்லை.

வயருக்கு டான்ஃபாஸ் கொடுக்கும் அளவு மனதில் நிற்பதுபோல இருக்கும். 12 வோல்ட்டில் எத்தனை மீட்டரோ அத்தனை ஸ்கொயர்: 4 மீட்டருக்கு 4, 6 மீட்டருக்கு 6, 10 மீட்டருக்கு 10. இது பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை ஒரு வழித் தூரம். பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் 15 ஆம்பியர் பியூஸ். ரெடிமேட் பியூஸ் ஹோல்டரோடு வரும் மெல்லிய வால் வயரையும் பாருங்கள். 6 ஸ்கொயர் இழுத்துவிட்டு நடுவில் அந்த வாலை விட்டுவைப்பவர்கள் உண்டு. லைட்டர் சாக்கெட்டை எடுத்துவிட்டு இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் போடுங்கள். வயர் நுனியில் மாட்டும் லக்கை குறடால் நசுக்காமல் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். வீட்டு வயரிங்குக்கு வரும் விறைப்பான வயர் அதிர்வில் ஒடியும், மல்டி ஸ்டிராண்ட்தான் வேண்டும். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த வோல்ட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ஃபிரிட்ஜின் பேட்டரி செட்டிங்கை 'லோ'வில் வைத்து ஒப்பேற்றுவது இதே தவறின் அடுத்த படி. வயரின் குறையை அது மூடி மறைக்கும். பிறகு வயரை மாற்றியும் 'லோ'விலேயே விட்டுவிட்டால் லெட் ஆசிட் பேட்டரி அடிவரை காலியாகும். இரண்டு மூன்று முறை அப்படி ஆனால் அதன் கொள்ளளவு திரும்பி வராது.

பாடி எர்த்

நெகட்டிவ் வயருக்குப் பதில் வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்துவது வேண்டாம். நெகட்டிவ்வுக்கும் அதே தடிமனில் தனி வயர், பேட்டரி வரை.

ஸ்டார்ட்டிங் பேட்டரியிலேயே ஓட்டுவது

காலையில் வண்டியைத் தள்ள ஆள் வேண்டும்.

கேஸ், கரண்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜை பேட்டரியில் விடுவது

அதில் கம்ப்ரசர் கிடையாது, ஹீட்டர்தான். 100 வாட்டுக்கு மேல் விடாமல் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் 12 வோல்ட், நின்றால் கேஸ். சரிவில் நிறுத்தினால் குளிராது, வண்டியை மட்டமாக நிறுத்துங்கள்.

வீட்டு ஃபிரிட்ஜும் இன்வெர்ட்டரும்

கையில் இருக்கிறதே என்று சின்ன வீட்டு ஃபிரிட்ஜை ஏற்றுபவர்கள் இன்வெர்ட்டரின் சொந்தத் தீனியைக் கணக்கில் எடுப்பதில்லை. சும்மா ஆன் செய்து வைத்தாலே 10, 12 வாட் போகும். 12 வாட் என்றால் ஒரு நாளுக்கு 288 வாட் மணி, 12 வோல்ட்டில் 24 ஏஹெச் (ஆம்பியர் மணி). ஒரு நல்ல 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 35 டிகிரி வெயிலில் ஒரு நாளுக்குக் குடிப்பதே 30 முதல் 45 ஏஹெச்தான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் கம்ப்ரசர் சூடேறி ஆயுளும் குறையும்.

லேபிளில் உள்ள ஏஹெச்சை நம்புவது

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஹெச் டியூபுலர் லெட் ஆசிட் பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது 75. வேனுக்குள் ஆசிட் தளும்பும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும், ஆள் தூங்கும் இடத்தில் அது கூடாது. லித்தியம் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியின் 100 ஏஹெச்சில் 80 வரை எடுக்கலாம். ஆனால் அதில் வோல்ட் மீட்டரை நம்பாதீர்கள். பாதிக்கு மேல் காலியானபின்னும் 13 வோல்ட்டை ஒட்டியே காட்டும், கடைசியில் பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் சட்டென்று வெட்டிவிடும். உள்ளே போகும், வெளியே வரும் கரண்டை அளக்கும் ஷண்ட் வைத்த மானிட்டர் போடுங்கள்.

ஏறும்போது சார்ஜ் ஆகிவிடும் என்ற நம்பிக்கை

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். எஞ்சின் ஓடும்போது ஃபிரிட்ஜ் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் கிடைப்பது அதிகபட்சம் 20 ஏஹெச், அரை நாள் தீனி. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் வெறும் ரிலே வைத்திருந்தால், ஆல்டர்நேட்டர் வோல்ட்டைக் கம்ப்யூட்டர் குறைக்கும் புது வண்டிகளில் அதுவும் கிடைக்காது. கிளம்பும் முன் இரவே வீட்டில் முழு சார்ஜ் ஏற்றுங்கள்.

மேலே போய் காபித் தோட்டத்தின் சில்வர் ஓக் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, கூரையில் சோலார் இருக்கிறதே என்று இருப்பதும் இதே ரகம். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே பெரும்பங்கு போய்விடும். கழற்றி வெயிலில் விரிக்கும் பேனல் என்றால் வண்டி நிழலிலும் பேனல் வெயிலிலும் இருக்கலாம்.

மூச்சுவிட இடமில்லாத பெட்டி

பிளைவுட் அலமாரிக்குள் ஃபிரிட்ஜை இறுக்கிச் செருகினால் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தன் சூட்டையே திரும்ப இழுக்கும். கண்டென்சர் பக்கம் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி, கீழே ஒரு ஜாலி, மேலே ஒரு ஜாலி. கீழ் ஜாலியை அரிசி மூட்டையோ செருப்போ அடைக்காத இடத்தில் வையுங்கள்.

வெதுவெதுப்பாக ஏற்றுவது

35 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்கு இறக்க சுமார் 350 வாட் மணி வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்கு பேட்டரியிலிருந்து 20 ஏஹெச் அளவுக்குப் போகும். முந்தின இரவே ஃபிரிட்ஜை வீட்டு கரண்டில் ஓட்டி, பாட்டில்களை வீட்டு ஃபிரிட்ஜில் குளிரவைத்து, காலையில் மாற்றுங்கள். வழியில் வாங்கிய மாம்பழத்தை வெளியிலேயே வையுங்கள், மலைக் குளிரில் அது கெடாது.