நாலு கலயத்துப் பதநீரை ஒப்பிட்டுச் சுவைக்க

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் விடியலில் இறக்கும்போதே போய், மரத்துக்கொரு பாத்திரமாகத் தனித்தனியே அரை லிட்டர் வாங்குங்கள். கலந்து வாங்கினால் ஒப்பிட ஒன்றுமிருக்காது. ஆண்பனையா பெண்பனையா என்று கேட்டு, பாத்திரத்தின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். சுவைப்பவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

துணியில் வடிகட்டி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிவை மட்டும் கண்ணாடி டம்ளரில் 50 மில்லி ஊற்றுங்கள். ஐஸைப் பாத்திரத்தைச் சுற்றித்தான் வைக்க வேண்டும். உள்ளே போட்டால் உருகி இனிப்பைக் கெடுக்கும். பனையோலையை மடித்த பட்டையில் குடிப்பது தனிச் சுகம்தான், ஆனால் ஓலை வாசனை எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் மோந்து பாருங்கள். புளித்த வாடையும் பொடிநுரையும் இருந்தால் கலயத்தில் சுண்ணாம்பு போதவில்லை, கள்ளாகத் தொடங்கிவிட்டது; அதை ஒதுக்குங்கள். நாக்கு சுரசுரத்தால் சுண்ணாம்பு அதிகம், அந்த டம்ளரைக் கடைசியில் குடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்ததன் இனிப்பே தெரியாது. இடையில் ஒரு வாய் தண்ணீர், கொஞ்சம் பொரி. விழுங்கியபின் தொண்டையில் நிற்கும் இனிப்பை அவரவர் தாளில் குறித்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.