வாவியில் வைரஸ் தேடும்போது சறுக்கும் இடங்கள்

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் விடியப்புறம் அள்ளிய தண்ணீரையோ பின்வளவு வாளியில் பிடித்த நுளம்பையோ மரபணு வாசிக்கும் மெஷினில் கொடுத்தால் வைரஸின் பெயர் வந்துவிடும் என்று நினைத்து வரும் மாணவர்கள் நிறையப் பேர். பெயர் வரும்தான். அந்த வைரஸ் நுளம்புக்குச் சொந்தமா, நுளம்புக்குள் இருந்த பூஞ்சைக்கா, இல்லை மாதிரியைத் தயார்செய்ய நாம் பாவித்த கிட்டுக்கா (இரசாயனத் தொகுதிக்கா) என்பதை மெஷின் சொல்லாது.

மாதிரியில் உள்ள ஆர்.என்.ஏ. (டெங்கு போன்ற பல வைரஸ்களின் மரபுச் செய்தி இருக்கும் மூலக்கூறு) முழுவதையும் பிரித்தெடுத்து, டி.என்.ஏ. ஆக மாற்றி, கோடிக்கணக்கான சிறு துண்டுகளாக வாசித்து, கணினியில் ஒட்டுப்போடுவதுதான் வேலை. பிறகு, ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. படியெடுக்கும் நொதியத்தின் மரபணு அதில் இருக்கிறதா என்று தேடுவார்கள். ரெட்ரோவைரஸ் (எச்.ஐ.வி. வகை) போன்ற சிலவற்றை விட்டால், ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு அதுதான் அடையாள அட்டை. இந்த வழியில் 2016இல் பூச்சி, நண்டு, நத்தை போன்ற முதுகெலும்பில்லா உயிர்களில் மட்டும் 1,445 புதிய வைரஸ்கள் கிடைத்தன. 2022இல், ஏற்கெனவே பொதுவில் கிடந்த தரவுகளைக் கிளறியே 1,30,000க்கு மேல் எடுத்தார்கள்.

முதல் சறுக்கல் கரையிலேயே நடக்கிறது. ஆர்.என்.ஏ. மீனை விட வேகமாகக் கெடும். அதை வெட்டும் நொதியம் நம் விரலில் இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் முழுதாகச் சாகாது. ஒருமுறை இறால் செவுள்களை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினோம். பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருந்தது. பிழை எங்களுடையது. பிடித்த இடத்திலேயே பாதுகாப்புத் திரவத்தில் போட்டிருக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை: அரை சென்ரிமீற்றரை விடத் தடித்த துண்டென்றால் திரவம் நடுவுக்குப் போகுமுன் நடு கெட்டுவிடும். அந்தத் திரவத்தில் 25 பாகையில் ஒரு கிழமை தாங்குவது 37 பாகையில் ஒரு நாள்தான் தாங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது கிட் தெரிவு. ஒரு கலத்தின் ஆர்.என்.ஏ.யில் பெரும்பங்கு, புரதம் செய்யும் உறுப்பான ரைபோசோமுக்குரியது. அதைத் தவிர்க்க, நுனியில் அடினின் எழுத்துகள் தொடராக உள்ள ‘அடினின் வால்’ கொண்ட ஆர்.என்.ஏ.யை மட்டும் பிடிக்கும் கிட்டை வாங்குவார்கள். டெங்கு வைரஸுக்கு அந்த வால் கிடையாது. நம் ஊரில் டெங்கு தேடப் போய், டெங்குவைக் கழுவி ஊற்றும் கிட்டை வாங்கினால் எப்படி? ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை மட்டும் அகற்றும் முறையே பொருத்தம்.

எனக்குப் பெரிய பயம் வெளியிலிருந்து மாதிரியில் கலக்கும் அழுக்குத்தான். நாட்பட்ட களைப்பு நோயாளிகளின் இரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற ரெட்ரோவைரஸ் இருப்பதாக 2009இல் பரபரப்பான கட்டுரை வந்தது. 2011இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுகூடத்தில் எலிக்குள் வளர்த்த புற்றுநோய்க் கட்டியில் உருவான வைரஸ், மாதிரிகளில் கலந்திருந்தது. 2013இல் இன்னொரு கதை: நோயாளிகளிடம் கண்ட ‘புது வைரஸ்’, பிரித்தெடுக்கப் பாவித்த சிலிக்கா குழாய்களிலிருந்தே வந்திருந்தது. அது டி.என்.ஏ. வைரஸ், ஆனாலும் பாடம் ஒன்றுதான். ஆகவே மாதிரியே போடாத வெறும் தண்ணீர்க் குழாயொன்றையும் ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே கொண்டு போங்கள். ‘ஒரு குழாய்க்குரிய காசு வீண்’ என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். மெஷினின் ஒரே ஓட்டத்தில் டெங்கு நிறைந்த மாதிரி இருந்தால் அதன் சில துண்டுகள் பக்கத்து மாதிரியின் பெயரிலும் விழும். ஏழெட்டுத் துண்டைக் கண்டவுடன் துள்ள வேண்டாம்.

சரி, வைரஸ் உண்மையிலேயே இருக்கிறது என்று வைப்போம். யாருடையது? வௌவால் எச்சத்தில் கிடைப்பது அது தின்ற பூச்சியினுடையதாக இருக்கலாம். வாவித் தண்ணீரில் கிடைப்பது அனேகமாக நுண்பாசியினுடையதாகவோ பக்டீரியாவினுடையதாகவோ இருக்கும். டெங்கு நுளம்பின் மரபணுத்தொகுதியிலேயே பழைய வைரஸ்களின் துண்டுகள் பதிந்து கிடக்கின்றன. அவை உயிருள்ள வைரஸ் போலவே திரையில் தெரியும். நுளம்பின் டி.என்.ஏ.யை நேரடியாகப் பி.சி.ஆர். (தேடும் துண்டை மட்டும் பல பிரதிகளாக்கிக் காட்டும் சோதனை) செய்து பாருங்கள். அதிலும் வந்தால், பெரும்பாலும் அது அந்தப் பழைய எச்சந்தான்.

கணினித் தேடலில் ஒன்றே ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல் புரத வரிசையாக மாற்றி ஒப்பிடுங்கள், ஆர்.என்.ஏ. வைரஸ்கள் அவ்வளவு வேகமாக மாறுபவை. 35 வீதம் மட்டும் பொருந்தினால் அது ஏற்கெனவே தெரிந்த வைரஸின் தூரத்துச் சொந்தம், அதே வைரஸ் அல்ல.

அந்தத் தூரத்துச் சொந்தம் ‘வாவியில் ஆபத்தான வைரஸ்’ என்று வாட்ஸ்அப்பில் ஓடினால் இறால்காரரின் வியாபாரம் படுத்துவிடும். யாரிடமும் சொல்லுமுன் மூல மாதிரியிலிருந்து புதிதாக ஆர்.என்.ஏ. எடுத்துப் பி.சி.ஆர். செய்து பார்க்க வேண்டும். அதற்கு மாதிரி மிஞ்சியிருக்க வேண்டுமே! முழுவதையும் அரைக்காமல் பாதியை மைனஸ் 80 பாகைக் குளிரூட்டியில் வையுங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டரை யார் போடுவார் என்பதையும் முதலே கேட்டு வையுங்கள்.